14 ஆட்டம் ஜெயித்தவன் ஏன் 10 ஆட்டம் ஜெயித்தவன் ஊருக்குப் போக வேண்டும்? (என்எஃப்எல் பிளேஆஃப் கணக்கு)

குளிர்தாங்காதவன் | ஜனவரி 6, 2025

எல்லோருக்கும் வணக்கம். சென்னையிலிருந்து மினியாபொலிஸ் வந்து ஐந்து மாதம் ஆகிறது. உடன் வேலை செய்பவர் ஒருவர் வீட்டில் நேற்று ராத்திரி என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஆட்டம் பார்த்தோம், எங்கள் ஊர் மினசோட்டா வைக்கிங்ஸ் – டெட்ராய்ட் லயன்ஸ். விதிகள் ஓரளவு பிடிபட்டுவிட்டன. நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு, டச்டவுனுக்கு ஆறு புள்ளி, அந்த மட்டில் பரவாயில்லை. 31-9 என்று தோற்றோம். (ஐந்து மாதத்தில் "தோற்றோம்" என்று எழுதும் நிலைக்கு வந்துவிட்டேன், பாருங்கள்.)

எனக்குப் புரியாதது ஆட்டம் முடிந்த பிறகு நடந்ததுதான். வீடே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் திரையில் வைக்கிங்ஸ் பிளேஆஃபில் இருப்பதாகத்தானே காட்டினார்கள்? 17 ஆட்டத்தில் 14 வெற்றி. அடுத்து லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுடன் மோத வேண்டும், அவர்களுக்கு 10 வெற்றி. அப்படியானால் ஆட்டம் எங்கள் ஊரில்தானே நடக்க வேண்டும்? இல்லையாம், அவர்கள் ஊரிலாம். ஏன் என்று கேட்டால் "அவர்கள் டிவிஷன் சாம்பியன்" என்று சொல்லிவிட்டு மறுபடி தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

யாராவது பொறுமையாகச் சொல்லுங்களேன்.

---

மினசோட்டா_மாமா | ஜனவரி 6, 2025

இன்றைக்கு என்னால் முடியாது தம்பி. நாளைக்கு எழுதுகிறேன்.

---

டெட்ராய்ட்_செல்வி | ஜனவரி 6, 2025

மாமா அழட்டும், நான் சொல்கிறேன். (அந்த 31 புள்ளியும் எங்களுடையது என்பதால் எனக்கு இன்றைக்கு நிறையப் பொறுமை இருக்கிறது.)

முதலில் நேற்று என்ன பணயம் என்று பாருங்கள். லயன்ஸ் 14-2 (14 வெற்றி, 2 தோல்வி), வைக்கிங்ஸ் 14-2. இரண்டும் ஒரே டிவிஷன், என்எஃப்சி நார்த். இரு அணிகளின் வெற்றியையும் சேர்த்தால் 28 வருகிற லீக் ஆட்டம் அதற்கு முன் நடந்ததே இல்லை. ஜெயிப்பவருக்கு டிவிஷன் பட்டம், அதோடு கான்ஃபரன்ஸில் முதல் இடம். முதல் இடம் என்றால் முதல் வாரம் ஓய்வு, அடுத்த இரண்டு ஆட்டமும் சொந்த ஊரில். தோற்பவருக்கு ஐந்தாம் இடம். இரண்டாவது இல்லை, ஐந்தாவது! ஒரே ராத்திரியில் ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே ஏணியும் பாம்பும்.

ஏன் ஐந்தாவது என்பதைக் கணக்குப்பிள்ளை வந்து சொல்வார். அவர் வராமல் இருக்க மாட்டார்.

---

கணக்குப்பிள்ளை | ஜனவரி 6, 2025

வந்தேன்.

மொத்தம் 32 அணிகள். இரண்டு கான்ஃபரன்ஸ், ஏஎஃப்சி ஒன்று, என்எஃப்சி ஒன்று, ஒவ்வொன்றிலும் 16. இந்தப் பிரிவு திசையைப் பார்த்து வந்ததில்லை. 1960-ல் ஏஎஃப்எல் என்று போட்டி லீக் ஒன்று தொடங்கினார்கள். 1966-ல் இரண்டு லீக்கும் சம்பந்தம் பேசி முடித்து, 1970-ல் ஒரே குடும்பமானார்கள். பழைய ஏஎஃப்எல் அணிகளோடு, என்எஃப்எல்லில் இருந்து பிட்ஸ்பர்க், கிளீவ்லாந்து, பால்டிமோர் மூன்றும் அந்தப் பக்கம் போக, அது ஏஎஃப்சி ஆனது. மிச்சமிருந்தது என்எஃப்சி.

ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் நான்கு டிவிஷன், டிவிஷனுக்கு நான்கு அணி. 2002-ல் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் வந்த பிறகுதான் இப்படி அழகாக வகுபட்டது.

பிளேஆஃபுக்கு ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலிருந்தும் 7 அணிகள். இங்கேதான் உங்கள் கேள்விக்குப் பதில். நான்கு டிவிஷன் சாம்பியன்களுக்கும் 1 முதல் 4 வரை இடம் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்குள் யார் முன்னே, யார் பின்னே என்பதற்குத்தான் வெற்றிக் கணக்கு. பட்டம் கிடைக்காத மற்ற 12 அணிகளில் சிறந்த மூன்றுக்கு 5, 6, 7. இவர்கள்தான் வைல்ட் கார்டு. வைல்ட் கார்டு அணி பதினாறு ஆட்டம் ஜெயித்தாலும் நாலாம் இடத்துக்குள் வர முடியாது.

முதல் சுற்றில் 1-க்கு ஓய்வு. 2-ஓடு 7, 3-ஓடு 6, 4-ஓடு 5. முன் எண்ணுக்குச் சொந்த மைதானம். ஆகவே இந்த ஆண்டு என்எஃப்சி இப்படி:

1. டெட்ராய்ட் 15-2
2. ஃபிலடெல்ஃபியா 14-3
3. டாம்பா பே 10-7
4. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 10-7
5. மினசோட்டா 14-3
6. வாஷிங்டன் 12-5
7. கிரீன் பே 11-6

கவனியுங்கள், 5, 6, 7 மூன்றுமே 3-ஐயும் 4-ஐயும் விட அதிகம் ஜெயித்திருக்கின்றன. உங்கள் நண்பர்கள் தலையில் கை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. வைல்ட் கார்டாக வந்து 14 ஆட்டம் ஜெயித்த அணி இதற்கு முன் கிடையாது.

இரண்டாம் சுற்றில் அட்டவணை மறுபடி கலையும். மிச்சமிருப்பவர்களில் கடைசி எண் யாரோ அவரே 1-ம் எண்ணின் ஊருக்குப் போக வேண்டும். டென்னிஸ் மாதிரி முன்பே கோடு போட்டு வைத்த ஏணி கிடையாது. அப்புறம் கான்ஃபரன்ஸ் இறுதி, அதன் பின் சூப்பர் பவுல். சூப்பர் பவுல் மட்டும் பல வருடம் முன்பே முடிவான பொது ஊரில். இந்த வருடம் நியூ ஆர்லியன்ஸ்.

எல்லாமே ஒரே ஆட்டம். தோற்றால் வீட்டுக்கு.

---

மதுரை_விடியல் | ஜனவரி 6, 2025

மதுரையில் உட்கார்ந்து இதைப் பார்க்கும் பைத்தியம் நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன். இங்கே திங்கட்கிழமை காலை ஆறேமுக்காலுக்கு ஆட்டம், காபியும் வைக்கிங்ஸும்.

ஐபிஎல்லில் முதல் இரண்டு இடத்துக்கு ஒரு தோல்வியைத் தாங்கும் வசதி உண்டு. குவாலிஃபையரில் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு. இங்கே 15-2 என்று வந்தவனுக்கும் அந்தச் சலுகை கிடையாது என்பது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

---

குளிர்தாங்காதவன் | ஜனவரி 7, 2025

கணக்குப்பிள்ளை சார், அருமை. இப்போது அமைப்பு புரிகிறது. நியாயம் புரியவில்லை. ஏழு அணி வருகிறது, சரி. வந்த ஏழையும் வெற்றிக் கணக்குப்படி வரிசையாக நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்? டிவிஷன் சாம்பியனுக்கு உள்ளே வர அனுமதி கொடுங்கள், வீட்டு மைதானத்தை ஏன் கூடவே கொடுக்கிறீர்கள்?

இன்னொன்று, சொந்த மைதானம் என்பது அவ்வளவு பெரிய விஷயமா? அதே புல், அதே 100 யார்டு.

---

மினசோட்டா_மாமா | ஜனவரி 7, 2025

இப்போது எழுதுகிறேன்.

தம்பி, நம் மைதானத்துக்கு ஒரு தடவை போய்ப் பார். கூரை போட்ட கட்டடம். ஆட்டத்துக்கு முன் அந்தப் பெரிய கொம்பை ஊதுவார்கள், அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனம் கையை விரித்துத் தட்டி "ஸ்கோல்" என்று கத்தும். எதிரணி பந்து வைத்திருக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் ஓயாது. குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவன்) சொல்வது பக்கத்தில் நிற்பவன் காதில் விழாது. அதனால் அவர்கள் கையசைத்து, கால் தூக்கி, சைகையில் ஆட வேண்டும். ஒருத்தன் அரை நொடி முன்னே அசைந்தால் ஐந்து யார்டு அபராதம். நம் ஆள் பந்து வைத்திருக்கும்போது அதே ஜனம் கோயில் கர்ப்பகிரகம் மாதிரி அடங்கிவிடும். இது சும்மா கிடைக்கிற லாபமா?

அப்புறம் ஐந்தாம் எண்ணின் தலைவிதியைப் பார். முதல் சுற்று வெளியூர். இரண்டாம் சுற்றும் பெரும்பாலும் வெளியூர்தான், ஆறும் ஏழும் சேர்ந்து ஜெயித்தால் ஒழிய. கான்ஃபரன்ஸ் இறுதிக்குப் போய், எதிரே ஆறோ ஏழோ தப்பித்தவறி வந்திருந்தால்தான் சொந்த ஊர். 14 ஆட்டம் ஜெயித்ததற்கு இதுதான் பரிசு.

இந்த அக்கிரமம் இன்று நேற்று நடப்பதில்லை. 2010-ல் சியாட்டில் 7-9. தோல்வி அதிகம், ஆனால் அந்த டிவிஷனில் மற்ற மூன்றில் ஒன்றுகூட அதைவிட மேல் இல்லை; ராம்ஸும் அதே 7-9, சமநிலைக் கணக்கில் பின்னே போனது. எனவே சாம்பியன். அவர்கள் ஊருக்கு வந்தது யார்? முந்தைய வருட சூப்பர் பவுல் சாம்பியன் நியூ ஆர்லியன்ஸ், 11-5. சியாட்டில் 41-36 என்று ஜெயித்துவிட்டது. சியாட்டிலின் மார்ஷான் லிஞ்ச் 67 யார்டு ஓடினானே, வழியில் நின்றவனையெல்லாம் தள்ளிவிட்டு, அந்த ஆட்டம்தான். கூட்டம் குதித்ததில் பக்கத்திலிருந்த நில அதிர்வுக் கருவியே பதிவு செய்தது.

2008 இன்னும் கொடுமை. நியூ இங்கிலாந்து 11-5, பிளேஆஃபே கிடையாது. அதே ஏஎஃப்சியில் சான் டியேகோ 8-8, டிவிஷன் சாம்பியன், 12-4 எடுத்த இண்டியானாபொலிஸைத் தன் ஊருக்கு வரவழைத்து ஓவர்டைமில் அனுப்பிவைத்தது.

---

டெட்ராய்ட்_செல்வி | ஜனவரி 7, 2025

மாமா, நீங்கள் சொன்ன இரண்டு கதையிலும் "தகுதியில்லாத" அணிதான் ஜெயித்தது. அதையும் கவனித்தீர்களா? 2011-ல் 9-7 எடுத்த நியூயார்க் ஜயண்ட்ஸ் டிவிஷன் சாம்பியனாக, நாலாம் எண்ணாக வந்து சூப்பர் பவுலே தூக்கிக்கொண்டு போனது.

குளிர்தாங்காத தம்பிக்கு என் பதில் இது. வெற்றி எண்ணிக்கையை நேருக்கு நேர் ஒப்பிடுவதற்கு எல்லோரும் ஒரே தேர்வு எழுதியிருக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. 32 அணி, ஆளுக்கு 17 ஆட்டம். எல்லோரும் எல்லோரோடும் ஆட முடியாது. அந்த 17 எப்படி வருகிறது தெரியுமா? தன் டிவிஷனில் மூன்று பேரோடு இரண்டிரண்டு, 6. தன் கான்ஃபரன்ஸிலேயே இன்னொரு டிவிஷன் முழுவதும், 4. எதிர் கான்ஃபரன்ஸில் ஒரு டிவிஷன் முழுவதும், 4. போன வருடம் தன் டிவிஷனில் எந்த இடத்தில் முடித்தோமோ, அதே இடத்தில் முடித்த மூன்று அணிகளோடு 3. எந்த டிவிஷனோடு மோதுவது என்பது வருடா வருடம் சுழலும்.

ஒரே டிவிஷனில் இருக்கும் நான்கு பேருக்கு 17-ல் 14 ஆட்டம் ஏறக்குறைய ஒரே வினாத்தாள். வேறு டிவிஷனில் இருப்பவனுக்கு வேறு வினாத்தாள். அதனால் "உன் வகுப்பில் நீ முதல், அதற்குப் பரிசு" என்பதுதான் சரியான அளவுகோல் என்று நான் நினைக்கிறேன். வகுப்பில் இரண்டாவது வந்தவன், பக்கத்து வகுப்பு முதல்வனைவிட நான் மார்க் அதிகம் என்று சண்டைக்கு வரக்கூடாது.

நாங்கள் 2008-ல் 0-16 என்று ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் சீசனை முடித்தவர்கள். போன ஜனவரியில் ராம்ஸை 24-23 என்று ஜெயித்ததுதான் 32 வருடத்தில் எங்கள் முதல் பிளேஆஃப் வெற்றி. டிவிஷன் பட்டம் என்றால் எங்களுக்கு அவ்வளவு பெரிது. அதைச் சும்மா ஒரு நுழைவுச் சீட்டாக ஆக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

---

ஒஹையோ_ஓரம் | ஜனவரி 7, 2025

நீங்கள் வீட்டு மைதானத்துக்குச் சண்டை போடுகிறீர்கள். எங்களுக்கு வீடே இல்லை.

சின்சினாட்டி. 4-8-ல் கிடந்த அணி கடைசி ஐந்தையும் வரிசையாக ஜெயித்து 9-8. எங்கள் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ 43 டச்டவுன், 4,918 யார்டு, லீக்கிலேயே அதிகம். கடைசி வாரம் எங்களுக்கு வேண்டியதெல்லாம் மயாமி தோற்க வேண்டும், டென்வர் தோற்க வேண்டும். மயாமி தோற்றது. டென்வருக்கு எதிரே யார்? 15-1 கான்சாஸ் சிட்டி. ஆனால் அவர்கள் கிறிஸ்துமஸ் அன்றைக்கே முதல் இடத்தைப் பிடித்துவிட்டார்கள். ஆகவே முக்கிய ஆட்டக்காரர்களையெல்லாம் உட்கார வைத்துவிட்டு மாற்று ஆட்களை இறக்கினார்கள். 38-0. டென்வர் உள்ளே, நாங்கள் வெளியே.

சட்டப்படி தவறில்லை, தெரியும். வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

---

கணக்குப்பிள்ளை | ஜனவரி 7, 2025

ஒஹையோ நண்பருக்கு என் அனுதாபம். ஆனால் செப்டம்பரில் முதல் மூன்று ஆட்டத்தையும் தோற்றது கான்சாஸ் சிட்டியின் குற்றமில்லை.

லீக் இதைத் தடுக்கச் சில வேலைகள் செய்கிறது. 2010-லிருந்து கடைசி வார ஆட்டங்கள் அனைத்தும் டிவிஷனுக்குள்ளேயே. எந்த ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதையும் முந்தைய வாரம் முடிந்த பிறகே முடிவு செய்கிறார்கள். ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஆட்டங்களைக் கூடியவரை ஒரே நேரத்தில் வைப்பார்கள். பக்கத்து மைதானத்தின் முடிவைத் தெரிந்துகொண்டு யாரும் கால் நீட்டிப் படுக்கக்கூடாது என்பதற்காக. ஏற்கெனவே முதல் இடம் பிடித்தவன் படுத்தால் மட்டும் மருந்தில்லை.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. இரண்டு அணிகள் சமமானால்?

ராம்ஸும் சியாட்டிலும் இந்த வருடம் அதே டிவிஷனில் 10-7, 10-7. ஒன்று சாம்பியன், நாலாம் எண், சொந்த ஊரில் பிளேஆஃப். இன்னொன்று பிளேஆஃபிலேயே இல்லை. எப்படிப் பிரித்தார்கள்? முதலில் நேருக்கு நேர், ஆளுக்கொரு வெற்றி. அடுத்து டிவிஷனுக்குள் கணக்கு, இருவரும் 4-2. பொது எதிரிகளுக்கு எதிரான கணக்கு, சமம். கான்ஃபரன்ஸுக்குள் கணக்கு, அதுவும் சமம். ஐந்தாவது படியில்தான் முடிந்தது. "வெற்றியின் வலிமை", அதாவது நீ ஜெயித்த அணிகளெல்லாம் சேர்ந்து எத்தனை ஜெயித்தன என்ற கணக்கு. ராம்ஸ் ஜெயித்தவர்களில் பஃபலோவும் மினசோட்டாவும் உண்டு.

இதில் வேடிக்கை, ராம்ஸுக்குப் பட்டம் உறுதியானபோது அவர்கள் ஆடிக்கொண்டுகூட இருக்கவில்லை. கடைசி வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை அரிசோனாவை 13-9 என்று ஜெயித்துவிட்டு வீட்டில் இருந்தார்கள். ஞாயிறு ராத்திரி வாஷிங்டன் அட்லாண்டாவை ஜெயித்தது. சியாட்டில் முன்பு ஜெயித்திருந்த அணி அட்லாண்டா. அட்லாண்டா தோற்றதும் சியாட்டிலின் "வலிமை" இறங்கியது, ராம்ஸ் சாம்பியன். வாஷிங்டன் மைதானத்தில் விழுந்த அடிக்குச் சியாட்டிலில் வீக்கம்.

இந்தப் படிகள் இன்னும் கீழே போகும். எதிரிகளின் மொத்த வலிமை, புள்ளிகள் எடுத்ததிலும் கொடுத்ததிலும் தரவரிசை, நிகரப் புள்ளி, நிகர டச்டவுன், எல்லாம் தீர்ந்தால் நாணயம் சுண்டுதல்.

---

மதுரை_விடியல் | ஜனவரி 7, 2025

இங்கே நெட் ரன் ரேட்டுக்கே கால்குலேட்டர் தேடுகிறோம். ஆனால் ஒன்று, பலவீனமான அணியை 60-0 என்று அடித்து ரேட்டை ஏற்றும் வேலை இங்கே பலிக்காது போலிருக்கிறது. யாரை ஜெயித்தாய் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது பிடித்திருக்கிறது.

---

குளிர்தாங்காதவன் | ஜனவரி 10, 2025

லாஸ் ஏஞ்சலஸ் தீயால் ஆட்டத்தையே அரிசோனாவுக்கு மாற்றிவிட்டார்களாமே. திங்கட்கிழமை, க்ளென்டேலில். அப்படியானால் ராம்ஸுக்குச் சொந்த மைதானச் சாதகம் போயிற்றா? (அங்கே வீடிழந்தவர்களை நினைத்தால் இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.)

---

மினசோட்டா_மாமா | ஜனவரி 10, 2025

ஊர் எரியும்போது அதைச் சாதகம் என்று எண்ண எனக்கும் மனம் வரவில்லை. ஆட்டத்தைப் பார்ப்போம்.

---

மினசோட்டா_மாமா | ஜனவரி 14, 2025

27-9. நம் குவார்ட்டர்பேக்கை ஒன்பது தடவை மண்ணில் சாய்த்தார்கள். பிளேஆஃப் வரலாற்றில் அதற்கு மேல் யாரும் சாய்த்ததில்லை, சமம்தான் உண்டு.

இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். பனியை அள்ளக் கற்றுக்கொண்டேன். இதற்கு மட்டும் பழக முடியவில்லை.

---

டெட்ராய்ட்_செல்வி | ஜனவரி 14, 2025

வருத்தம் மாமா, உண்மையாகவே. ஆனால் வாதத்தை விட மாட்டேன். பொது மைதானத்தில், "தகுதியில்லாத" 10-7 அணி, 14-3 அணியைப் பதினெட்டுப் புள்ளியில் ஜெயித்திருக்கிறது. வெற்றி எண்ணிக்கை எல்லாம் சொல்லிவிடாது.

---

கணக்குப்பிள்ளை | ஜனவரி 14, 2025

செல்வி அம்மா, ஒரு ஆட்டத்தை வைத்து விதியை நியாயப்படுத்தக் கூடாது. அப்படிப் பார்த்தால் மற்ற ஐந்தையும் சொல்ல வேண்டும். டாம்பா பேயை, அவர்கள் சொந்த ஊரிலேயே, ஆறாம் எண் வாஷிங்டன் 23-20 என்று ஜெயித்தது. ஏஎஃப்சியில் சொந்த மைதானக்காரர் மூவரும் தப்பித்தார்கள்.

பழைய காலத்தோடு ஒப்பிட்டால் இப்போதைய முறை தெய்வம். 1974 வரை யார் ஊரில் பிளேஆஃப் என்பதற்கு ஆட்டக் கணக்கே பார்க்க மாட்டார்கள், டிவிஷன்களுக்குள் சுழற்சி முறை. 1972-ல் மயாமி ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வந்தது. கான்ஃபரன்ஸ் இறுதி எங்கே? பிட்ஸ்பர்க்கில், 11-3 எடுத்தவர்கள் ஊரில். ஏனென்றால் அந்த வருடம் அவர்கள் முறை. மயாமி அங்கேயும் ஜெயித்து 17-0 என்று முடித்தது, அது வேறு கதை.

அணி எண்ணிக்கையும் ஏறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. 1970-ல் மொத்தம் 8, 1978-ல் 10, 1990-ல் 12, 2020-லிருந்து 14. கடைசியாக ஏற்றியபோது இரண்டாம் எண்ணின் ஓய்வைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதற்கு முன் கான்ஃபரன்ஸுக்கு இருவருக்கு ஓய்வு. இப்போது ஒருவருக்கு மட்டும். நீங்கள் ஜனவரி 5 அன்று ஆடிய ஆட்டத்தின் விலை அவ்வளவு ஏறியதற்கு அதுதான் காரணம்.

ஏழாம் எண் வீண் என்பார்கள். போன வருடம் கிரீன் பே ஏழாம் எண்ணாக டல்லஸுக்குப் போய் 48-32 என்று அடித்தது. ஏழாம் எண் ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

---

குளிர்தாங்காதவன் | ஜனவரி 15, 2025

ஒரு சின்னச் சந்தேகம். லீக் ஆட்டம் டிரா ஆகலாம் என்கிறார்கள். பிளேஆஃபில்?

---

கணக்குப்பிள்ளை | ஜனவரி 15, 2025

ஆகாது. லீக்கில் ஓவர்டைம் பத்து நிமிடம், அதிலும் தீராவிட்டால் சமம், ஆளுக்கு அரை வெற்றி. பிளேஆஃபில் ஒருவர் ஜெயிக்கும் வரை பதினைந்து பதினைந்து நிமிடமாகப் போய்க்கொண்டே இருக்கும்.

பிளேஆஃப் ஓவர்டைம் விதி 2022-ல் மாறியது. அந்த ஜனவரியில் கான்சாஸ் சிட்டி – பஃபலோ ஆட்டம். நேரம் முடிய 13 விநாடி இருக்கும்போது பஃபலோ மூன்று புள்ளி முன்னே. அந்த 13 விநாடியில் கான்சாஸ் சிட்டி சமன் செய்தது. ஓவர்டைமில் நாணயம் அவர்களுக்கு விழுந்தது, முதல் வாய்ப்பிலேயே டச்டவுன், 42-36. பஃபலோ குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் ஓவர்டைமில் பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போனார். நாடு முழுக்கக் கூச்சல். அடுத்த மார்ச்சில், பிளேஆஃபில் இரு அணிக்கும் ஒரு தடவையாவது பந்து கிடைக்க வேண்டும் என்று மாற்றினார்கள்.

டிராவின் அழகைப் பார்க்க வேண்டுமானால் அதே ஜனவரி, லீக்கின் கடைசி ஆட்டத்துக்குப் போக வேண்டும். சார்ஜர்ஸ் – ரைடர்ஸ். ஜெயிப்பவர் உள்ளே. ஆனால் டிரா ஆனால் இருவரும் உள்ளே, பிட்ஸ்பர்க் வெளியே! இருவரும் பந்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால்கூடப் போதும். ஆட்டம் நிஜமாகவே 32-32 என்று ஓவர்டைமின் கடைசி விநாடிகள் வரை போனது. பிட்ஸ்பர்க்காரர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கடைசி உதையில் ரைடர்ஸ் 35-32. பிட்ஸ்பர்க் பிழைத்தது, அடுத்த வாரம் கான்சாஸ் சிட்டியிடம் 42 வாங்கிக்கொண்டது.

---

மினசோட்டா_மாமா | ஜனவரி 19, 2025

செல்வி, நேற்று ராத்திரி டெட்ராய்ட்டில் என்னவோ நடந்ததாமே.

---

டெட்ராய்ட்_செல்வி | ஜனவரி 19, 2025

பேசாதீர்கள் மாமா.

---

குளிர்தாங்காதவன் | ஜனவரி 19, 2025

அக்கா பேச மாட்டார்கள் என்பதால் நான் கற்றதை நானே சொல்லிப் பார்க்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். ஏழு தோற்றது, ஐந்து தோற்றது, மூன்று தோற்றது. மிச்சம் 1, 2, 4, 6. கடைசி எண் 6, எனவே வாஷிங்டன் டெட்ராய்ட்டுக்கு. ராம்ஸ் ஃபிலடெல்ஃபியாவுக்கு. ஓய்வெடுத்து, சொந்த மைதானத்தில், 15-2 என்று நின்ற லயன்ஸ் 45-31 என்று வாஷிங்டனிடம் தோற்றது. ஒரே ஆட்டத்தில் சீசன் முடிந்தது.

அப்படியானால் அந்த 1-ம் எண்ணுக்காக ஜனவரி 5 அன்று இரண்டு ஊரும் அடித்துக்கொண்டதில், இரண்டு ஊருக்கும் பிளேஆஃபில் கிடைத்த வெற்றி பூஜ்யம்.

---

மதுரை_விடியல் | ஜனவரி 19, 2025

தம்பி ஐந்து மாதத்தில் தேறிவிட்டார்.

---

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 10, 2025

பதிவுக்காக: ஃபிலடெல்ஃபியா 40, கான்சாஸ் சிட்டி 22. இரண்டாம் எண், ஓய்வில்லாமல், நான்கு ஆட்டம் ஜெயித்து வந்த சாம்பியன்.

---

ஒஹையோ_ஓரம் | ஏப்ரல் 3, 2025

இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். செய்தி பார்த்தீர்களா? டிவிஷன் சாம்பியனைவிட வைல்ட் கார்டு அணிக்கு வெற்றி அதிகமானால் அதை முன் எண்ணில் வைக்கலாம் என்று விதி மாற்றக் கேட்டிருக்கிறார்கள். கேட்டது மினசோட்டா இல்லை. டெட்ராய்ட்!

செல்வி அக்கா எங்கே?

---

டெட்ராய்ட்_செல்வி | ஏப்ரல் 3, 2025

பார்த்தேன். மூன்று மாதமாக இங்கே நான் தொண்டை கிழியக் காப்பாற்றிய விதியை எங்கள் அணியே எடுக்கச் சொல்கிறது. முதல் இடம் பிடித்த வருடத்திலேயே இதைக் கேட்டிருக்கிறார்கள் என்பதால் சுயநலம் என்றும் சொல்ல முடியாது. என் கருத்தில் மாற்றமில்லை. அணிக்கு ஒரு கருத்து, எனக்கு ஒரு கருத்து.

---

கணக்குப்பிள்ளை | ஏப்ரல் 3, 2025

விதி மாற 32 உரிமையாளர்களில் 24 பேர் கை தூக்க வேண்டும். இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். பலவீனமான டிவிஷனில் இருப்பவர் எவரும் தன் வீட்டு மைதானத்தைத் தானே எழுதிக் கொடுக்க மாட்டார். எட்டு டிவிஷன், அதில் எது எப்போது பலவீனமாகும் என்று யாருக்குத் தெரியும்? எனக்கு நம்பிக்கை இல்லை.

---

குளிர்தாங்காதவன் | மே 22, 2025

டெட்ராய்ட் அந்த யோசனையை வாபஸ் வாங்கிவிட்டது. ஓட்டுக்குக்கூட வரவில்லை.

மாமா, கூட்டம் எங்கே நடந்தது தெரியுமா? நம் ஊர்ப் பக்கத்தில், ஈகனில்.

---

மினசோட்டா_மாமா | மே 22, 2025

தெரியும். வேலைக்குப் போகும் வழியில்தான் அந்த ஹோட்டல். நேற்று அதைத் தாண்டித்தான் போனேன், எனக்கு ஒரு ஓட்டு இருந்தால் உள்ளே நுழைந்திருப்பேன்.